மலைக்கு மர மேடை சரிப்படுமா?

ஏற்காட்டுப் பக்கம் புதுசா கட்டுற விடுதி, பங்களாவில் எல்லாம் பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி ஒரு மர மேடை. பார்க்க ஜோர்தான்! என்ன மரம் என்று கேட்டால், "தோட்டத்து சில்வர் ஓக்தான் தம்பி" என்கிறார்கள். இது கூடாது என்பதே என் கட்சி.

சில்வர் ஓக், காப்பிச் செடிக்கு நிழல் தர ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். (ஓக் என்பது பெயரில் மட்டும்தான்!) பிளைவுட், பெட்டி செய்யலாம், வெட்டவெளியில் தாங்காது. மரத்தின் ஈரம் 20 சதவிகிதத்தைத் தாண்டினால் பூஞ்சாணத்துக்குக் கொண்டாட்டம். 1,500 மீட்டர் உயரத்தில், மழையும் மூடுபனியும் மாறி மாறி வர, அது காய்வது எப்போ? மேலே வார்னிஷ் மினுமினுக்கும்; அடியில் உத்திரம் உளுத்துக்கொண்டிருக்கும். பத்துப் பேர் நின்று போட்டோ பிடிக்கிற இடம் ஐயா அது!

மருந்தேற்றிய மரம் இருக்கே என்பீர்கள். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த அந்த மருந்தை 1933-ல் கண்டுபிடித்ததே டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில், நம் காமேசம்தான். அமெரிக்காவில் வீட்டு மேடைகள் பலவும் அதை நம்பி எழுந்தன. ஆர்சனிக் பயத்தில் 2003 முடிவோடு அங்கேயே வீட்டு உபயோகத்துக்கு நிறுத்திவிட்டார்கள். தேக்கு நிற்கும், விலைதான் நம்மை நிற்க விடாது.

என்னைக் கேட்டால், பொருள் காலடியிலேயே கிடக்கு. சேர்வராயன் மலையே சார்னோகைட். ஊர்ப் பேச்சில் கருங்கல். கீழே கல் கட்டு, மேலே கல் பலகை, கைப்பிடிக்கு மட்டும் தேக்கு. வீட்டுக்காரர் மரம்தான் வேணும்னு அடம் பிடித்தால், மரக்கால் மண்ணில் படாமல் கல்மேல் உட்காரட்டும். பலகைக்குப் பலகை இடைவெளி விடுங்கள். சாதா இரும்பு ஆணி மட்டும் வேண்டவே வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள்.