ஜாம்பிக்கு ஒரு கை உப்பு

போன மாசம் சென்னையிலேருந்து ஒரு தம்பி வந்திருந்தான். சினிமாவுல உதவி இயக்குநர். சொந்தமா ஜாம்பி படம் எடுக்கப் போறானாம், அதுக்கு லொகேஷன் பாக்க மார்த்தாண்டம் வந்தவன் யார் சொல்லியோ எங்க ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். விடியக்காலம் நாலு மணிக்குப் பால் வெட்டுற அண்ணன்கூட நான் கிளம்பினப்ப அவனும் வந்தான். இருட்டுல தலையில கட்டின லைட்டு மட்டும் மரத்துக்கு மரம் நகருறதைப் பாத்ததும் அவனுக்குப் புல்லரிச்சுப் போச்சு. "அங்கிள், இதான் ஓப்பனிங் ஷாட்"ன்னான்.

அப்புறம் திண்ணையில உக்காந்து கட்டஞ்சாயா குடிச்சுக்கிட்டே கதையைச் சொன்னான். ஆஸ்பத்திரிக் கழிவைக் கொண்டுவந்து கிராமத்துல கொட்டுறாங்க. அதைத் தின்ன நாய் ஒருத்தரைக் கடிக்குது. ராத்திரியோட ராத்திரியா ஊரே ஜாம்பி ஆயிடுது. லீவுக்கு வந்த ஒரு டாக்டரும் அவன் காதலியும் தப்பிச்சு நகரத்துக்குப் போறாங்க. ஊர்க்காரங்க இருநூறு பேர் துரத்தணும்.

"அந்த இருநூறு பேருக்கும் வசனம் உண்டா தம்பி?"ன்னு கேட்டேன்.

"ஜாம்பிக்கு எதுக்கு அங்கிள் வசனம்?"

அந்த ஒரு பதிலுக்காகத்தான் இதை எழுதுறேன். பட்டணத்துல உக்காந்து திரைக்கதை எழுதுற மத்த தம்பிகளும் இதைப் படிக்கணும்.

தமிழ்ல ஜாம்பி படம் புதுசில்ல. 2016-ல சக்தி சௌந்தர் ராஜன் 'மிருதன்' எடுத்தார். கதை நடக்கிறது ஊட்டியில. விஷத் திரவத்தை நக்கின நாய்லேருந்து எல்லாம் ஆரம்பிக்கும், ஜாம்பிக்குத் தண்ணியைக் கண்டா பயம். வெறிநாய்க்கடியை நல்லா யோசிச்சுச் சேர்த்திருந்தாங்க, அதைக் குறை சொல்லல. ஆனா நீலகிரிங்கிறது தேயிலை மலை. 1964-ல சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, தலைமுறை தலைமுறையா இலங்கைத் தோட்டத்துல கிடந்த சனத்தைக் கப்பலேத்தி இங்க கொண்டுவந்து, திரும்பவும் தேயிலைக் கொழுந்து கிள்ள விட்ட மலை அது. ஜாம்பிங்கிற பயம் எங்க பொறந்துச்சுன்னு தெரிஞ்சவன், அந்த மலையில கதையை வச்சுட்டு அந்தச் சனத்தைப் பாக்காமப் போக மாட்டான்.

அது பொறந்தது ஹைத்தியில, கரும்புத் தோட்டத்துல. பிரெஞ்சுக்காரங்க ஆப்பிரிக்காவிலேருந்து பிடிச்சுட்டு வந்த அடிமைகளை அங்க சாகுறவரைக்கும் வேலை வாங்கினாங்க. செத்தாலாவது ஆத்மா சொந்த ஊருக்குப் போயிரும்ங்கிறது அந்தச் சனத்தோட ஒரே ஆறுதல். அதுக்கும் வழியில்லாம, செத்த உடம்பை எழுப்பித் திரும்பவும் தோட்டத்துல நிப்பாட்டிட்டா என்ன செய்யன்னுதான் அவங்க பயந்தாங்க. ஜாம்பி கடிச்சிருமோன்னு யாரும் பயப்படல, நாம ஜாம்பி ஆயிருவோமோங்கிறதுதான் பயம். 1791-ல கலகம் செஞ்சு 1804-ல சுதந்திரம் வாங்கின பிறகும் அந்தப் பயம் அவங்களை விடல.

வில்லியம் சீபுரூக்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரர் 1929-ல ஹைத்தி பத்தி ஒரு புத்தகம் போட்டார். அங்க உள்ள ஒரு விவசாயி சொன்ன கதை அதுல இருக்கு. ஒருத்தன் செத்தவங்களைக் கூட்டிட்டு வந்து அமெரிக்கக் கம்பெனியோட கரும்புக் காட்டுல வேலைக்கு விடுறான். அவங்க குனிஞ்ச தலை நிமிராம வெட்டுறாங்க, வாரக் கூலியை இவன் வாங்கிக்கிடுறான். அவங்களுக்கு ஒரே ஒரு பத்தியம், சாப்பாட்டுல உப்பு கூடாது. ஒருநாள் அவன் பெண்டாட்டி பாவப்பட்டு அவங்களுக்கு மிட்டாய் வாங்கிக் குடுக்குறா. அதுல இருந்த கடலை உப்பு போட்ட கடலை. நாக்குல உப்பு பட்டதும் தாங்க செத்தவங்கங்கிறது அவங்களுக்குத் தெரிஞ்சிடுது. கூவிக்கிட்டே எழுந்து சொந்த ஊர்ச் சுடுகாட்டைப் பாத்து நடக்குறாங்க.

"உப்பு போட்டுத்தான் சோறு திங்கிறியா?"ன்னு கேட்டா மானம் ரோசம் இருக்கான்னு அர்த்தம். தமிழ்நாட்டுல இது தெரியாதவன் யாரு? ஹைத்திக்காரன் கதையோட கிளைமாக்ஸ் நம்ம வாயில பழமொழியா கிடக்கு, நீங்க அதை விட்டுட்டு நாய்க்குப் பின்னால ஓடுறீங்க.

'சும்மா பயமுறுத்துற படத்துக்கு இவ்வளவு யோசிக்கணுமா'ன்னு கேப்பீங்க. யோசிச்சாத்தான் பயம் வரும். 1932-ல வந்த 'ஒயிட் ஜாம்பி' படத்துல கரும்பாலையில வேலை செய்யுற ஒருத்தன் எந்திரத்துக்குள்ள விழுந்துருவான், மத்தவங்க நிக்காமச் சுத்திக்கிட்டே இருப்பாங்க. ரத்தம் ஒரு சொட்டு காட்டல, ஆனா கதி கலங்கும். 1968-ல ஜார்ஜ் ரொமேரோ ஒரே ஒரு பண்ணை வீட்டை வச்சுக் குறைஞ்ச காசுல படம் எடுத்தார். ராத்திரி பூரா ஜாம்பிகிட்டேருந்து தப்பிச்ச கறுப்பின நாயகனை, விடிஞ்சதும் காப்பாத்த வந்தவனே சுட்டுக் கொல்லுவான். அந்த ஊர்ல யாருக்கு யாரு மேல பயம்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

எங்க ஊருக்கு வாங்க. நாஞ்சில் நாட்டுல செத்தவங்க ஊமையில்ல. கள்ளியங்காட்டு நீலி நியாயம் கேட்டுத்தான் திரும்பி வந்தா. அநியாயமாச் செத்தவங்களை இசக்கியாவும் மாடனாவும் உக்கார வச்சு, கொடை குடுத்து, வில்லுப்பாட்டுல அவங்க கதையை விடிய விடியக் கேக்குற ஊர் இது. பேயே பேசுற ஊர்ல உயிரோட இருக்கிற இருநூறு பேரை ஊமையாக்குறது என்ன நியாயம்?

பால் வெட்டுற அண்ணன் ஒருநாளைக்கு முந்நூறு மரத்துக்கு மேல வெட்டுறார். மழை பெஞ்சா வெட்டு இல்ல, வெட்டு இல்லன்னா கூலியும் இல்ல. முட்டி தேஞ்சு போச்சு, கத்தி பிடிச்ச விரல் மடங்காது. "செத்தாலும் நாலு மணிக்கு முழிப்பு வந்துரும்போல"ன்னு ஒருநாள் சிரிச்சுட்டே சொன்னார். தம்பி, உன் ஓப்பனிங் ஷாட்டுல வந்த லைட்டுக்குப் பின்னாடி இருந்த ஆள் அவர்தான். உன் படத்தோட முதல் வசனமும் அவர்கிட்டதான் இருக்கு. நீ லைட்டை மட்டும் போன்ல பிடிச்சுட்டுப் போயிட்ட, அவர் பேரைக்கூடக் கேக்கல.

ஜாம்பி படம் வேண்டாம்னு நான் சொல்லல. எடுங்க, நானும் டிக்கெட் எடுத்துப் பாப்பேன். எழுத உக்காரும்போது 'யாரு முதல்ல கடிச்சா'ங்கிறதை விட்டுட்டு 'செத்த பிறகும் இவனை வேலை வாங்குறது யாரு, அந்தக் கூலி யாருக்குப் போகுது'ன்னு கேட்டு எழுதுங்க. கடைசி சீன்ல அவங்க எல்லாருக்கும் ஒரு கை உப்பு குடுங்க. அப்புறம் அவங்க எந்தப் பக்கம் நடக்குறாங்கன்னு பாப்போம்.