'வயரை வெட்ட வேண்டாம், மாட்டினால் போதும்' என்பவர்களுக்கு

வீட்டு மின்செலவைச் செல்பேசியில் உடனுக்குடன் காட்டும் எனர்ஜி மானிட்டர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆசைப்பட நியாயமான காரணம் உண்டு. 2022 செப்டம்பரில் வந்த கட்டண அமைப்பின்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் சலுகை விலையில் கிடைத்த யூனிட்டுகளுக்கும் விலை கூடும். 490-ல் நிற்கிறோமா 510-ல் நிற்கிறோமா என்பது முன்கூட்டியே தெரிந்தால் பணம் மிச்சம். ஆசையில் குற்றமில்லை. இதை விற்பவர்களும் காணொளி போடுபவர்களும் திரும்பத் திரும்பச் சொல்லும் வாசகத்தோடுதான் எனக்குச் சண்டை: "வயரை வெட்ட வேண்டாம். டி.பி. பெட்டியைத் திறந்து கிளாம்பை மாட்டினால் போதும். யார் வேண்டுமானாலும் செய்யலாம்."

கிளாம்பைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. சி.டி. எனப்படும் அந்தக் கவ்வி வயரின் மேலுறையைச் சுற்றிக்கொண்டு, உள்ளே ஓடும் கரண்டின் காந்தப்புலத்தை உணர்கிறது. செம்பைத் தொடுவதே இல்லை. ஆனால் கிளாம்ப் மட்டுமே மானிட்டர் ஆகிவிடாது. வாட் கணக்குக்கு வோல்டேஜும் தெரிய வேண்டும், கருவி இயங்கவும் கரண்ட் வேண்டும். அதற்காக ஃபேஸ், நியூட்ரல் என்று இரண்டு வயர், த்ரீ ஃபேஸ் வீடானால் நான்கு, வீட்டின் மின் விநியோகப் பெட்டியான டி.பி.க்குள் முறுக்கப்பட வேண்டும். காணொளிகள் வேகமாகத் தாண்டிப்போகும் இடம் இதுதான். அந்த மெல்லிய வயரை 63 ஆம்பியர் மெயினின் டெர்மினலிலேயே செருகிவிடுகிறார்கள். கருவிக்குள் பழுது வந்து அதில் 30 ஆம்பியர் ஓடினால், மெயினுக்கு அது சாதாரண லோடு, ட்ரிப் ஆகாது. வயர்தான் தீப்பிடிக்கும். கருவிக்கென்று தனியாக 6 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று, அல்லது தயாரிப்பாளர் சொல்லும் அளவில் ஃபியூஸ், அவசியம் வேண்டும்.

"மெயினை ஆஃப் பண்ணிவிட்டால் பயமில்லை" என்பது அடுத்த வாதம். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட ஆபத்தானதாக நினைக்கிறேன். டி.பி.யில் உள்ள மெயினை இறக்கினால் அதற்குப் பின்னால் உள்ளவற்றில்தான் கரண்ட் நிற்கும். வெளியிலிருந்து வரும் வயரிலும் அது முறுக்கப்பட்ட டெர்மினலிலும் 230 வோல்ட் அப்படியே இருக்கும். த்ரீ ஃபேஸில் இரண்டு ஃபேஸுக்கு இடையே 400 வோல்ட். முழு வீட்டுச் செலவையும் அளக்க வேண்டுமானால் கிளாம்பை மாட்ட வேண்டியதும் அந்த வயரில்தான். நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் ஈ.பி. மீட்டருக்குப் பக்கத்திலேயே தனி மெயின் சுவிட்ச் இருக்கும். அணைக்க வேண்டியது அதை.

அதை அணைத்த பிறகும் வேலை முடியவில்லை. இன்வர்ட்டர் இருக்கிறதே! கரண்ட் போனதும் தானாக விழித்துக்கொள்வதுதான் அதன் பிழைப்பு. நீங்கள் பாதுகாப்புக்காக மெயினை அணைத்த அதே நொடியில் அது பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை டி.பி.க்குள் அனுப்பத் தொடங்கும். ஃபேனும் லைட்டும் எரியும் சர்க்யூட்டுகள் எல்லாம் அதே பெட்டிக்குள், அதே வயர்க் கூட்டத்துக்குள்தான் ஓடுகின்றன. எது ஈ.பி. வயர், எது இன்வர்ட்டர் வயர் என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. கையில் மிச்சமிருந்த நிறத்தை இழுத்துவிட்டுப்போன வேலையை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். ஆகவே இன்வர்ட்டரை அணைத்து, அதன் அவுட்புட்டையும் பிரித்துவிட வேண்டும். ஜெனரேட்டரோ கூரையில் சோலாரோ இருந்தால் அவற்றின் சுவிட்சுகளையும்.

"டெஸ்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்பார்கள். நியான் டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று கொள்ளலாம். எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்று கொள்ள முடியாது, பல்பே போயிருக்கலாம். மல்டிமீட்டரை முதலில், நீங்கள் அணைத்த மெயினோடு சேராத, கரண்ட் உள்ள ஒரு பிளக்கில் வைத்துப் பாருங்கள், பிறகு டி.பி.யில், பிறகு மறுபடி அந்த பிளக்கில். மீட்டர் நடுவில் கெட்டுப்போகவில்லை என்று உறுதி செய்யத்தான் அந்த மூன்றாவது சோதனை.

மின்கசிவைக் கண்டால் தானாக அணையும் ஆர்.சி.சி.பி. காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. 30 மில்லிஆம்பியர் கசிவில் விழுவதுதான் அது. ஆனால் அதற்கு முன்னால் உள்ள வயரைத் தொட்டால் அதற்குத் தெரியவே தெரியாது. ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால், போன கரண்ட் முழுதும் திரும்பி வருவதால், உங்களையும் ஒரு லோடாகவே எடுத்துக்கொள்ளும்.

உயிர் தப்பினாலும் கணக்கு தப்பலாம். பல வீடுகளில் ஒரு ஃபேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்ற ஃபேஸ் செலக்டர் இருக்கிறது. அதற்குப் பின்னால் கிளாம்பையும் முன்னால் வோல்டேஜ் வயரையும் மாட்டியிருந்தால், செலக்டரைத் திருப்பியதும் கரண்ட் ஒரு ஃபேஸிலிருந்தும் வோல்டேஜ் வேறு ஃபேஸிலிருந்தும் கணக்கிடப்படும். 2,000 வாட் ஹீட்டர் மைனஸ் 1,000 வாட் என்று காட்டும். மானிட்டர் கெட்டுவிட்டது என்று சிலர் கடைக்காரரிடம் போகிறார்கள், ஈ.பி. மீட்டர்தான் தப்பாக ஓடுகிறது என்று சிலர் புகார் எழுதுகிறார்கள்.

"யார் வேண்டுமானாலும்" என்பதைச் சட்டமும் ஏற்கவில்லை. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் நீங்கலாக, மின் வேலைகளை உரிமம் பெற்றவர்கள் மூலமே செய்ய வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள். டி.பி.யில் இடமில்லை என்று மீட்டர் சீலை உடைத்து அங்கே கிளாம்ப் மாட்டுவது இன்னும் மோசம். 2003 மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவு மீட்டரில் கைவைப்பதை மின்திருட்டோடு சேர்த்துப் பேசுகிறது.

500 யூனிட் கணக்குதான் கவலை என்றால், தினமும் ஒரே நேரத்தில் ஈ.பி. மீட்டரில் ஓடும் எண்ணைக் குறித்துவைத்தாலே போதும். ஃபிரிட்ஜ் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிய, பிளக்கில் செருகும் சிறு மீட்டர் கிடைக்கிறது, டி.பி.யைத் திறக்கவே வேண்டாம். இல்லை, மானிட்டர்தான் வேண்டும் என்றால் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் பெட்டியைத் திறக்கும் முன், "அண்ணே, இன்வர்ட்டரை ஆஃப் பண்ணியாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.