புது டிராக்டர், பழைய டிரெய்லர்: கொக்கியை உயர்த்தலாமா?

கேள்வி: எங்கள் ஊர் கொல்லிமலை அடிவாரம், சேந்தமங்கலம் பக்கம். பழைய 35 குதிரைத்திறன் டிராக்டரைக் கொடுத்துவிட்டு, 45 குதிரைத்திறன் டிராக்டர் வாங்கியிருக்கிறேன். இரண்டு சக்கர டிரெய்லர் பழையதுதான். குச்சிக்கிழங்கு ஏற்றிச் சேகோ ஆலைக்குப் போக வேண்டும். புது டிராக்டரின் கொக்கி தாழ்வாக இருப்பதால் டிரெய்லரை மாட்டினால் முன்பக்கம் குனிந்து நிற்கிறது. பட்டறைக்காரர், கொக்கிக்கு மேல் தகடு வைத்து வெல்டிங் செய்து அரை அடி உயர்த்திவிடலாம் என்கிறார். என் தம்பி, ஏர் மாட்டும் கைகளுக்கு நடுவில் உள்ள ஓட்டைப் பட்டையிலேயே மாட்டு என்கிறான். கல்லூரி விடுமுறையில் என் மகனும் ஓட்டுவான். எது சரி?

— ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: இரண்டும் வேண்டாம். டிராக்டரின் கொக்கி கம்பெனி வைத்த இடத்திலேயே இருக்கட்டும். மாற்ற வேண்டியது டிரெய்லரின் வளையத்தை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காரணம் புரிந்தால்தான் பட்டறையில் நீங்கள் உறுதியாகப் பேச முடியும்.

மாட்டு வண்டிக் கணக்கு

பார வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. மூட்டைகளை முன்னால் அடுக்கினால் முன்பாரம்; நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அடுக்கினால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அச்சுக்குச் சற்று முன்னால் பாரம் விழும்படி அடுக்குவதுதான் நல்ல வண்டிக்காரனின் கைப்பழக்கம்.

இரண்டு சக்கர டிரெய்லரும் அதே வண்டிதான். மாட்டுக்குப் பதில் டிராக்டரின் கொக்கி. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. டிராக்டரின் கொக்கி பின் அச்சுக்கு இரண்டடி பின்னால் தொங்குகிறது. அங்கே அமுக்கும் ஒவ்வொரு கிலோவும் டிராக்டரின் மூக்கைத் தூக்கப் பார்க்கிறது. ஏற்றம் இறக்க விளையாட்டுப் பலகையில் பின் அச்சுதான் நடுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன் சக்கரத்தில் எடை குறைந்தால் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. டிராக்டரின் சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் முன் அச்சில் இருக்க வேண்டும் என்பது பொது விதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உங்கள் டிராக்டரின் எடை 2,000 கிலோ, அதில் முன் அச்சில் 750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 200 செ.மீ. கொக்கி, பின் அச்சுக்கு 60 செ.மீ. பின்னால். தரையிலிருந்து கொக்கியின் உயரம் 50 செ.மீ. விதிப்படி முன் அச்சில் 400 கிலோவுக்குக் குறையக் கூடாது.

டிரெய்லர் மட்டமாக நின்று, பாரம் ஒழுங்காக அடுக்கப்பட்டு, கொக்கியில் 500 கிலோ அமுக்கினால் முன் அச்சில் 150 கிலோ குறையும். மீதி 600. பயமில்லை. டிரெய்லர் முன்னால் குனிந்து, கிழங்கும் முன்னால் குவிந்து, கொக்கியில் 1,000 கிலோ அமுக்கினால் 300 கிலோ குறையும். மீதி 450. இது டிராக்டர் சும்மா நிற்கும்போதே.

இனி டிரெய்லர் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. டிராக்டர் 1,500 கிலோ விசையில் இழுக்கிறது. அந்த இழுவையும் முன்பக்கத்தைத் தூக்கும். எவ்வளவு தூக்கும் என்பது கொக்கியின் உயரத்தைப் பொறுத்தது. 50 செ.மீ. உயரத்தில் 375 கிலோ குறையும். அரை அடி உயர்த்தி 65 செ.மீ. ஆக்கினால் 490 கிலோ குறையும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பாரமும் ஒழுங்கு, கொக்கியும் அதன் இடத்தில் என்றால், இவ்வளவு இழுத்தும் முன் அச்சில் 225 கிலோ மிஞ்சுகிறது. ஸ்டியரிங் லேசாகும், ஆனால் சக்கரம் தரையில் இருக்கும். முன்பாரமும் உயர்ந்த கொக்கியும் சேர்ந்தால் 750-இல் 300-உம் 490-உம் போய், கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது. அதாவது முன் சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. கிளட்சைச் சட்டென்று விட்டால் இன்னும் வேகமாக எழும்பும்.

அரை அடிக்கு இன்னொரு பொருளும் உண்டு. 45 குதிரைத்திறன் டிராக்டரின் பின் அச்சு தரையிலிருந்து சுமார் இரண்டடி உயரத்தில் இருக்கும். கொக்கியை 65 செ.மீ.க்கு ஏற்றினால் அது அச்சின் மட்டத்தையே தாண்டிவிடும். இழுக்கும் இடம் எப்போதும் பின் அச்சின் மையத்துக்குக் கீழே இருக்க வேண்டும். டிராக்டர் பின்னால் மல்லாந்து விழும் விபத்துகளில் பல, இந்த விதியை மீறி மேலே சங்கிலி கட்டி இழுத்ததால் நடப்பவை. மூக்கு எழும்பத் தொடங்கியதிலிருந்து முழுதாகக் கவிழ ஒன்றரை வினாடி போதும். கிளட்சை மிதிக்க வேண்டும் என்று ஓட்டுபவருக்குத் தோன்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பழகிய கைக்கே இந்த நிலை. விடுமுறையில் ஓட்டும் பையனை நினைத்துப் பாருங்கள்.

வெல்டிங் ஏன் கூடாது?

கொக்கிச் சட்டம் போல்ட்டால் பிணைந்திருக்கும் பின் அச்சுக் கூடு வார்ப்பிரும்பு. அதில் சூடு பட்டால் விரிசல் விடும். சட்டத்தில் மட்டும் வெல்டிங் வைத்தாலும், குழியில் இறங்கும்போதும் பிரேக் போடும்போதும் விழும் அடியை எல்லாம் அந்தத் தையல்தான் வாங்க வேண்டும். புது டிராக்டருக்கு வாரண்டி போய்விடும் என்பதும் உண்டு.

தம்பி சொன்ன ஓட்டைப் பட்டை

ஏர் மாட்டும் இரு கைகளுக்கு நடுவில் இருக்கும் அந்தப் பட்டை, லேசான கருவிகளை இழுக்க வைத்தது. அந்தக் கைகள் ஹைட்ராலிக்கால் ஏறி இறங்குபவை. பாரத்தோடு போகும்போது லீவரில் கை பட்டால் இழுக்கும் இடமே மேலே ஏறிவிடும். பக்கவாட்டிலும் ஆடும். நாலைந்து டன் ஏற்றிய இரண்டு சக்கர டிரெய்லரை அதில் மாட்டவே கூடாது.

அப்படியானால் என்ன செய்வது?

1. சமதளத்தில் டிரெய்லரில் வழக்கமான பாரத்தை ஏற்றி, ஜாக்கி வைத்துப் பெட்டியை மட்டமாக நிறுத்துங்கள். தரையிலிருந்து வளையம் எவ்வளவு உயரம், டிராக்டர் கொக்கி எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

2. கொக்கியில் இரண்டு மூன்று உயரங்களுக்குத் துளை இருந்தால், கையேட்டில் டிரெய்லருக்கென்று சொல்லியிருக்கும் துளையையே பயன்படுத்துங்கள்.

3. மீதி வித்தியாசத்தை டிரெய்லரின் முன் சட்டத்தில் சரிசெய்யுங்கள். வளையத்தைச் சட்டத்துக்குக் கீழே இறக்கி, இரு பக்கமும் முட்டுத் தகடு வைத்து, போல்ட்டால் பிணைக்கச் சொல்லுங்கள். டிரெய்லர் கட்டும் பட்டறையில் செய்வது நல்லது.

4. வளையத்தின் துளையும் ஹிட்ச் பின்னும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். லொடலொடவென்று ஆடினால், ஒவ்வொரு பிரேக்கிலும் சுத்தியல் அடி விழுவதற்குச் சமம். கட்டடக் கம்பியை வெட்டிச் செருகுவது, கிடைத்த போல்ட்டைப் போடுவது வேண்டாம். தேய்ந்து இடுப்பு ஒடுங்கிய பின்னை மாற்றிவிடுங்கள்.

5. பின்னை மேலிருந்து செருகி, அடியில் லாக் கிளிப் போடுங்கள். கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலி. திரும்பும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு இருந்தால் போதும். பின் போனாலும் டிரெய்லர் தனியாக ஓடாது.

6. முன்பக்கம் லேசாகத் தெரிந்தால், கம்பெனி தரும் எடைக்கட்டிகளை முன் பம்பரில் மாட்டலாம். ஆனால் உயர்த்திய கொக்கிக்கு அது மருந்தல்ல.

கேள்வி: டிரெய்லர் லாரிகளில் எத்தனையோ டன் ஏற்றியும் முன்பக்கம் தூக்குவதில்லை. அதில் இருக்கும் வட்டத் தட்டுபோல டிராக்டரில் வைத்துக்கொள்ள முடியாதா?

— ஒரு வாசகர், திருச்செங்கோடு

பதில்: ரிக் வண்டிக்கும் லாரிக்கும் பேர்போன ஊரிலிருந்து வரவேண்டிய கேள்விதான். அந்தத் தட்டுக்கு 'ஐந்தாம் சக்கரம்' என்று பெயர். பழைய நாலு சக்கரக் குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காக, அச்சுக்கு மேலே ஒரு சக்கரத்தைப் படுக்கவைத்ததுபோல் ஒரு வளையம் இருக்கும். அந்தப் பெயர் லாரிக்கும் வந்துவிட்டது. டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங் பின் அந்தத் தட்டின் வாய்க்குள் நுழைந்து பூட்டிக்கொள்ளும். இந்தக் கிங் பின் 50 மி.மீ., 90 மி.மீ. என்று இரண்டு அளவுகளில் வரும். தட்டும் அதே அளவுக்கானதாக இருக்க வேண்டும்.

முன்பக்கம் தூக்காததன் ரகசியம், தட்டு இருக்கும் இடம். லாரியில் அது பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் இருக்கும். அதனால் பாரம் அச்சின்மேல் இறங்குகிறது. கொஞ்சம் முன் அச்சுக்கும் போகிறது. அமெரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பெரிய டிரெய்லர் வாங்குகிறவர்களும் இதற்காகவே பின் பம்பர் கொக்கியை விட்டுவிட்டு, வண்டித் தொட்டிக்குள் அச்சுக்கு மேலே இந்தத் தட்டைப் பொருத்துகிறார்கள்.

டிராக்டரில் பின் அச்சுக்கு மேலே இருப்பது உங்கள் இருக்கையும் ஹைட்ராலிக்கும். தட்டு வைக்க இடமில்லை. அச்சுக்குப் பின்னால் உயரமாகச் சட்டம் அடித்துத் தட்டு வைத்தால், மேலே சொன்ன ஆபத்தை நாமே காசு கொடுத்து வாங்குவதாகும்.

கொக்கியில் பாரமே விழக்கூடாது என்றால் வழி இருக்கிறது: நாலு சக்கர டிரெய்லர். அதன் முன் அச்சின்மேல் இருக்கும் திருப்பு வட்டம்தான் நம் ஊர் ஐந்தாம் சக்கரம். பாரத்தை டிரெய்லரின் நாலு சக்கரங்களே தாங்கும். டிராக்டர் இழுத்தால் போதும். தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஆலைக்குக் கரும்பு கொண்டுபோக இது நல்லது. ஆனால் ரிவர்ஸ் எடுப்பது சிரமம். இரண்டு இடத்தில் மடங்கும். சேற்று வயலில் டிராக்டரின் பின் சக்கரத்துக்குக் கூடுதல் அழுத்தம் கிடைக்காததால் வழுக்கும். வயலுக்குள் இறங்கி ஏறவும், எரு கொட்டவும் இரண்டு சக்கர டிப்பரே கைக்கு அடங்கும். எந்த வேலை அதிகமோ, அதைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கிழங்கு இறக்கும்போது பாதியில் டிரெய்லரின் முன்பக்கம் திடீரென்று தூக்குகிறது. ஏன்?

— ஒரு வாசகர், ஆத்தூர்

பதில்: முன்பக்கத்தை முதலில் காலி செய்கிறீர்கள். மீதிப் பாரம் அச்சுக்குப் பின்னால் நின்று பின்பாரம் ஆகிவிடுகிறது. பின்பக்கத்திலிருந்து இறக்கிக்கொண்டே முன்னால் வாருங்கள். கழற்றி வைத்த டிரெய்லர் என்றால், முதலில் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுங்கள்; முன்னால் ஸ்டாண்ட், பின்னால் ஒரு மரக்கட்டை முட்டு. ஆட்கள் முன் சட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கக் கூடாது.

கடைசியாக, எல்லோருக்கும்

பாரம் ஏற்றிய டிரெய்லர் டிராக்டரைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடை. பெரும்பாலான டிரெய்லர்களில் பிரேக்கும் இல்லை. சரிவில் அது உங்களைத் தள்ளும். சாலைக்கு வருமுன் இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துப் பூட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி மடங்கிவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். புதிதாக வாங்குகிறவர்கள் பிரேக் உள்ள டிரெய்லரைக் கேட்டு வாங்குங்கள்.

டிரெய்லர் சட்டப்படி தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இன்சூரன்ஸ் பத்திரத்தில் டிரெய்லரும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அறுவடை முடிந்து ஆட்களைப் பெட்டியில் ஏற்றி வருவது சட்டத்துக்கும் ஆகாது, உயிருக்கும் ஆகாது. பின்னால் சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டை ஒட்டுங்கள். இருட்டில் நின்ற டிரெய்லரில் மோதி இறப்பவர்கள் ஏராளம்.

சேந்தமங்கலம் வாசகருக்கு ஒரு வார்த்தை. வளையத்தை இறக்கிய பிறகு, முதல் நடை நீங்களே ஓட்டுங்கள். அடுத்த நடை, பாதிப் பாரத்தோடு, மகன் ஓட்டட்டும். நீங்கள் பைக்கில் பின்னால் போய், பெட்டி மட்டமாகப் போகிறதா என்று பாருங்கள். பின், கிளிப், சங்கிலி மூன்றையும் அவன் கையாலேயே போடப் பழக்குங்கள். அது பழக்கமான பிறகு முழுப் பாரத்தோடு சாவியைக் கொடுக்கலாம். பட்டறையில் சந்தேகம் வந்தால், உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். அளந்து எழுதிய அந்த இரண்டு உயரங்களையும் கையோடு கொண்டுபோனால் வேலை சுலபம்.