வாகனத்தில் இறப்பர் கருகும் மணம்

அடுப்பில் கறி அடிப்பிடித்தால் நாம் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஓடிப்போய்ச் சட்டியை இறக்கிவிடுகிறோம். வாகனத்தில் கருகல் மணம் வந்தால் மட்டும், ஓட்டுகிறவருக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். நானும் அப்படி இருந்தவள்தான்.

சில வருடங்களுக்கு முன் டிசம்பர் விடுமுறையில் நுவரெலியாவுக்குப் போய்த் திரும்பிக் கொண்டிருந்தோம். பழைய வான். மாமி, மதினி, பிள்ளைகள் எல்லோரும் போதாதென்று லீக்ஸும் கரட்டும் மூட்டை மூட்டையாக ஏற்றியிருந்தோம். றம்பொடையை நெருங்கும்போது இறப்பர் கருகுவதுபோல் மணம் வந்தது.

“இஞ்ச பாருங்க, என்னமோ கருகுற மணம் வருது” என்றேன்.

“ரோட்டுக்குத் தார் போடுறாங்க போல” என்றார் அவர்.

தார் போடுகிற ஒருவரையும் நான் காணவில்லை. ஆனாலும் மாமிக்கு முன்னால் எதற்கு இன்னொரு பேச்சு என்று அடங்கிவிட்டேன். அடுத்த இரண்டாவது வளைவில் பிரேக் மிதி பஞ்சுபோல் கீழே போனது. அவர் உடனே கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைப்பக்கத்து மண் அணைப்போடு வானைச் சாய்த்து நிறுத்தினார். மறுபக்கம் பள்ளம். பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் கை நடுக்கம் நிற்கவில்லை.

நடந்தது இதுதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். கம்பளைக்கு வந்து சேர்வதற்குள் ஆயிரம் மீற்றருக்கும் மேல் இறங்குகிறோம். அவ்வளவு தூரத்துக்கும் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் அதன் தகடுகள் கொதித்துக் கருகும். அந்த மணத்தைத்தான் நாம் இறப்பர் என்கிறோம். சூடு இன்னும் ஏறினால் பிரேக் ஒயிலும் கொதித்து ஆவியாகும். பிறகு மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. அந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பழையதாக ஆக, குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். எங்களுடையதை எப்போது மாற்றினோம் என்று அவருக்கும் நினைவில்லை.

இறக்கத்தில் முதலாம், இரண்டாம் கியரில் இறங்கினால் என்ஜினே வாகனத்தைப் பிடித்து வைக்கும். மணம் வந்துவிட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, அரை மணித்தியாலமாவது ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுச் சில்லில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிக்கும் இரும்பு வெடிக்கவோ நெளியவோ கூடும்.

சமதரையிலும் பிரேக் மணம் வரலாம். முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள், விடுவிக்க மறந்திருக்கும். அது சரியாக இருந்தால், நிறுத்திய பின் ஒவ்வொரு சில்லுக்கும் அருகில் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கத்துப் பிரேக் இறுகிப் போயிருக்கிறது.

ஏற்றத்தில் வரும் மணம் வேறு. கடுகண்ணாவையில் வாகனங்கள் நெருக்கி ஊரும்போது கிளச்சைப் பாதி மிதித்தபடியே நிற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். என்ஜின் இரைகிறது, வாகனம் அதற்கேற்ப ஓடவில்லை என்றால் கிளச் தட்டு தேய்ந்துவிட்டது. அதை மாற்றத்தான் வேண்டும், செலவும் கொஞ்சமல்ல.

உண்மையாகவே இறப்பர் கருகுவது பொனற்றுக்குள் இருக்கும் பெல்ட்டில். வாகனத்தை ஸ்டார்ட் செய்யும்போது அல்லது ஏ.சி. போடும்போது ‘கீச்’ என்று சத்தமும் சேர்ந்து வரும். ஏ.சி.யை நிறுத்தியதும் சத்தமும் மணமும் நின்றால் அந்தக் கம்ப்ரஸர் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டைப் பார்த்தால் நமக்கே விளங்கும்: உட்பக்கம் கண்ணாடிபோல் மினுங்கும், வெடிப்பு இருக்கும், சுற்றிலும் கறுப்புத் தூள் படிந்திருக்கும். புதுப் பெல்ட் போட்டும் சில நாளில் அதே மணம் வந்தால் குற்றம் பெல்ட்டில் அல்ல, அது சுற்றும் ஏதோ ஒரு புல்லி இறுகியிருக்கிறது. இதைச் சொல்லாவிட்டால் கராஜில் இன்னொரு பெல்ட்டைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஓட்டத்தில் பெற்றரி விளக்கு எரிந்து, சூடு காட்டும் முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்துங்கள், ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். 2009இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை பிரியஸ் போன்ற சில ஹைபிரிட் கார்களில் இந்தப் பெல்ட்டே கிடையாது. அவற்றில் தோடம்பழ நிற வயர்களை யாரும் தொடக்கூடாது. அதில் ஓடுவது உயர் மின்சாரம்.

வீட்டு வாசலில் நிறுத்திய பிறகு மணம் எழுந்து, மெல்லிய புகையும் வந்தால் ஒயில் கசிந்து சூடான சைலன்சர் குழாயில் விழுகிறது. பெரும்பாலும் மேல்மூடியின் பக்கிங் பழுதாகியிருக்கும். ஒருமுறை எங்கள் காரில் இதே மணம் வந்து பயந்துபோய்க் குனிந்து பார்த்தால், ரோட்டில் கிடந்த சொப்பிங் பை ஒன்று குழாயில் உருகி ஒட்டியிருந்தது! ஆறியதும் சுரண்டி எடுத்தோம்.

வளைவிலோ பள்ளத்திலோ மட்டும் வந்தால், பாரம் கூடி டயர் மேல் தகட்டில் உரசுகிறது.

டேஷ்போட் பக்கமிருந்து பிளாஸ்டிக் கருகுவதுபோல் வந்தால் யோசிக்கவே வேண்டாம். அது வயர். நிறுத்தி, சாவியைத் திருப்பி, முதலில் பிள்ளைகளை இறக்குங்கள். பியூஸ் போகிறதென்று பெரிய பியூஸ் போட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். விடாதீர்கள், அடுத்த முறை பியூஸுக்குப் பதிலாக வயரே எரியும்.

கராஜுக்கு அனுப்பும்போது “மணக்குது” என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், ஏற்றத்திலா இறக்கத்திலா, ஏ.சி. போட்டபோதா, நிறுத்திய பிறகா, எந்தப் பக்கத்துச் சில்லு என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். எங்கள் வீட்டிலும் மாற்றம் உண்டு. “என்னமோ மணக்குது” என்றால், அவர் தாரைப் பற்றிப் பேசுவதில்லை. முதலில் சிக்னல் போட்டு ஓரம் கட்டுகிறார்.