மேசைப் போரும் பகடைக் கணக்கும்

சதுரங்கம் ஆடத் தெரிந்தவர்களுக்குப் பொம்மைப் போர் விளையாட்டைப் புரிந்துகொள்வது கடினமல்ல. மேசைதான் போர்க்களம். அதன்மேல் அட்டைக் குன்றுகள், விரலளவு வீரர்கள். எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அளவுகோல் சொல்லும். சுட்ட குண்டு பட்டதா என்பதைப் பகடை சொல்லும். 1824-இல் ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக இப்படியொரு விளையாட்டுக்கு விதிநூல் வெளியிட்டார். விஞ்ஞானக் கதைகள் எழுதிய எச்.ஜி. வெல்ஸும் 1913-இல் பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் விதிகளை நூலாக்கினார்.

பழைய போர் ஒன்றை இவ்வாறு ஆட்டமாக அமைப்பவர்கள், முதலில் நண்பர்களைக் கூட்டிச் சோதனைக்காக ஆடிப் பார்ப்பார்கள். அசல் ஆட்டத்தைவிட இந்தச் சோதனை ஆட்டமே உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும் என்பது என் கருத்து. ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

ஓர் உதாரணம் பாருங்கள். 1879 ஜனவரி 11 அன்று பிரிட்டிஷ் படை தென்னாப்பிரிக்காவில் ஜூலு நாட்டுக்குள் புகுந்தது. ஜனவரி 22 அன்று இசாண்டில்வானா மலையடியில் இருந்த அதன் முகாமை ஏறத்தாழ 20,000 ஜூலு வீரர்கள் தாக்கினார்கள். முகாமில் இருந்தவர்கள் சுமார் 1,800 பேர். தளபதி செம்ஸ்போர்டு விடியுமுன்பே படையின் ஒரு பகுதியுடன் வெளியே போயிருந்தார். முகாமைச் சுற்றி அரணோ அகழியோ இல்லை. மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி இருந்தும் 1,300 பேருக்கு மேல் மாண்டனர். ஜூலுக்களிலும் ஆயிரம் பேருக்கு மேல் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

இதை மேசையில் வைப்போம். ஒரு துப்பாக்கிக் குழுவுக்கு ஆறு பகடைகள். 5 அல்லது 6 விழுந்தால் குண்டு பட்டது என்பது விதி. ஒரு பகடை தவறும் வாய்ப்பு 2/3. ஆறும் ஒருசேரத் தவறும் வாய்ப்பு 64/729, அதாவது ஏறத்தாழ பதினோரு முறைக்கு ஒரு முறை. முதல் ஆட்டத்திலேயே அப்படி நேர்ந்தால், "விதி சரியில்லை" என்று யாராவது கத்துவார்கள். அவசரப்படாதீர்கள். இரு தரப்பும் சமமாக உள்ள ஆட்டத்தில்கூட, முதல் மூன்று ஆட்டங்களையும் ஒரே தரப்பு வெல்லும் வாய்ப்பு நான்கில் ஒன்று! மூன்று முறை ஆடிவிட்டுத் தீர்ப்புச் சொல்வது விஞ்ஞானமாகாது.

அடுத்தது, பகடையைவிட ஆபத்தான விஷயம். "தோட்டாப் பெட்டிகளின் திருகாணிகளைக் கழற்ற முடியாமல்தான் வெள்ளையர் தோற்றார்கள்" என்று ஒரு கதை நெடுங்காலமாக உண்டு. தோற்றது பட்டாளமல்ல, பெட்டிதான் என்பது போல! பிற்கால ஆய்வாளர் பலர் இதை ஏற்பதில்லை. ஆனால் ஒருவர் இக்கதையை நம்பி, "பகடையில் 1 விழுந்தால் தோட்டா தீர்ந்தது" என்று விதி எழுதினால் என்ன ஆகும்? மேசையில் வெள்ளையர் தோட்டா இன்றித் தோற்பார்கள். "பார்த்தீர்களா, கதை உண்மைதான்" என்பார் அவர். ஐயா, நீங்கள் போட்டதைத்தானே மேசை திருப்பித் தந்தது?

அந்த விதியை நீக்கிவிட்டு இன்னும் இருபது ஆட்டம் ஆடுங்கள். அப்போதும் ஜூலுக்கள் பெரும்பாலும் வென்றால், கதை பொய் என்று நிரூபணமாகிவிடாது. ஆனால் அந்தக் கதை இல்லாமலும் முடிவை விளக்கலாம் என்பது தெரிந்துவிடும். பிறகு, கதை வேண்டும் என்பவர்தான் வேறு ஆதாரம் தேட வேண்டும்.

ஜூலுக்களை, நேரே ஓடிவந்து சாவதைத் தவிர வேறொன்றும் அறியாத கூட்டமாக நடத்தும் விதியையும் நான் ஏற்கமாட்டேன். நட்ஷிங்வாயோ என்ற தளபதியின்கீழ், மார்பு, இரு கொம்புகள், பின்னணிப் படை என்று எருமைத் தலை போல வகுத்த வியூகம் அவர்களுடையது. அந்தப் போரைப் பற்றி எழுதி வைத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். ஆகவே அவர்களுடைய கண்ணோட்டம் விதிகளுக்குள் ஓசையின்றிப் புகுந்துவிடும். வெற்றி எது என்று வகுப்பதிலும் இதே சிக்கல்தான். தம் நாட்டைக் காக்க நின்றவர்களுக்குச் செத்த தலைகளை எண்ணி மதிப்பெண் போடலாமா? அதே ஆண்டு ஜூலை 4 அன்று உலுந்தியில் அவர்கள் தோற்றார்கள். மன்னர் செட்சுவாயோ சிறைப்பட்டார். நாடு பதின்மூன்று துண்டாயிற்று.

பொம்மைகள் விலை அதிகம் என்று தயங்காதீர்கள். ஜூலு படைக்குப் புளியங்கொட்டை, வெள்ளையருக்குச் சோழி போதும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பக்கம் மாறி உட்காருங்கள். ஒரு தடவைக்கு ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். அதை ஏன் மாற்றினீர்கள் என்பதை, பகடையை உருட்டும் முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள்.