கடன் வாங்கிச் செழித்த நகரம்

நுழையும்முன்

ஒரு நாகரிகத்தின் பெருமையை எதைக்கொண்டு அளப்பது? அது எழுப்பிய கோட்டைகளைக் கொண்டா? வென்ற நாடுகளைக் கொண்டா? பிறரிடம் கற்றுக்கொள்ள அது காட்டிய விருப்பத்தைக் கொண்டே அளக்கவேண்டும் என்பதை ஒரு நகரத்தின் வரலாற்றின்வழி நிறுவுகிறது இப்பாடம்.

உலக வரலாற்றைப் பயில்வோர் கிரேக்கத்திலிருந்து நேரே ஐரோப்பிய மறுமலர்ச்சிக்குத் தாவிவிடுவது வழக்கம். இடைப்பட்ட பல நூற்றாண்டுகள் 'இருண்ட காலம்' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. மேற்கு ஐரோப்பாவில் கல்வி மங்கியிருந்த அந்நாள்களில் டைகிரிஸ் ஆற்றங்கரையில் ஒரு நகரம் உலகின் நூல்களையெல்லாம் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தது. அந்நகரம் பாக்தாத்.

ஆறும் காகிதமும்

அப்பாசிய மரபைச் சேர்ந்த கலீபா அல்-மன்சூர் பொ.ஆ. 762இல் பாக்தாத்தை நிறுவினார். டைகிரிசும் யூப்ரட்டீசும் ஒன்றையொன்று நெருங்கிப் பாயும் இடம் அது. கால்வாய்கள் இரு ஆறுகளையும் இணைத்தன. தெற்கே பாரசீக வளைகுடாவிலிருந்தும் மேற்கே சிரியாவிலிருந்தும் கிழக்கே நடு ஆசியாவிலிருந்தும் வணிகர் வந்து கூடினர். சரக்குகளோடு நூல்களும் அறிஞர்களும் வந்தனர். இந்திய வானியல் நூலொன்று அல்-மன்சூரின் அவையை அடைந்து அரபு மொழிக்கு மாறியது. சீனர் கண்ட காகிதக்கலை சமர்கந்து வழியாக வந்து சேர்ந்தது. தோலைவிட மலிவான காகிதம், நூல்களைப் பெருக்கிற்று.

பின்னர் 813 முதல் 833 வரை ஆண்ட அல்-மாமூன் இம்முயற்சிக்குப் பேராதரவு தந்தார். 'ஞான இல்லம்' என்னும் நூலகம் அரசின் துணையோடு விளங்கியது. பனூ மூசா எனப்பட்ட உடன்பிறந்தார் மூவர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு மொழிபெயர்ப்பாளர்களைப் புரந்தனர்.

நூலைத் தேடிய மருத்துவர்

அம்மொழிபெயர்ப்பாளர்களுள் தலையாயவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். கிறித்தவரான அவர் இசுலாமிய மன்னர்களிடம் மருத்துவராக இருந்தார்; அவ்விரு சமயங்களையும் சாராத கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களை மொழிபெயர்த்தார். கேலனின் ஒரு நூலுக்காக மெசபடோமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து எனப் பல நாடுகளில் அலைந்தார். இறுதியில் டமாஸ்கசில் ஏறத்தாழப் பாதி நூலே அவருக்குக் கிட்டியது. ஒரு நூலின் பல படிகளைத் திரட்டி, ஒப்புநோக்கிப் பிழைகளைந்த பிறகே அவர் மொழிபெயர்க்கத் தொடங்குவார். சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் பொருளை உணர்ந்து எழுதுவது அவர் முறை.

மொழிபெயர்ப்பை இரண்டாந்தரப் பணியாகக் கருதுவோர் இன்றும் உளர். ஹுனைனின் உழைப்பை அறிந்தோர் அவ்வாறு கூறத் துணியார்.

காவலரா, படைப்பாளரா?

'கிரேக்கச் செல்வத்தைப் பாதுகாத்து ஐரோப்பாவிடம் ஒப்படைத்த காவலர்களே அரபு மொழி அறிஞர்கள்' என்பது சிலர் கூற்று. இது பொருந்தாது. கேலனை ஆழ்ந்து கற்ற மருத்துவர் அல்-ராஸி, கேலன்மீது தமக்கெழுந்த ஐயங்களையே ஒரு நூலாக எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் காட்சி நிகழ்கிறது என யூக்ளிடும் தாலமியும் கருதினர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காண்கிறோம் என்று இப்னு அல்-ஹைதம் விளக்கினார். கடன் தந்தவரையே கேள்வி கேட்கும் துணிவு அவர்களிடம் இருந்தது. காவலர் வினா எழுப்புவதில்லை, படைப்பாளரே எழுப்புவர்.

அல்-குவாரிஸ்மியின் பணியும் அத்தகையதே. இந்திய எண்முறையை விளக்கி அவர் எழுதிய நூல் பின்னர் இலத்தீனில் பரவியது. மரபுரிமைச் சொத்தைப் பங்கிடுதல், நிலமளத்தல், வணிகம் ஆகிய அன்றாடத் தேவைகளுக்காக அவர் வகுத்த கணக்குமுறையின் பெயரே 'அல்ஜீப்ரா' ஆயிற்று. 'அல்காரிதம்' என்னும் சொல்லில் அவர் பெயரே ஒலிக்கிறது. இன்று கணினிமுன் அமரும் மாணவர் ஒவ்வொருவரும் அவர் பெயரை அறியாமலேயே உச்சரிக்கின்றனர்.

இக்கொள்முதலில் குறையும் உண்டு. மருத்துவம், கணிதம், வானியல், தருக்கம் ஆகியவற்றை விரும்பி ஏற்ற பாக்தாத், கிரேக்க நாடகங்களையும் காப்பியங்களையும் பெரும்பாலும் விட்டுவிட்டது. பயன்பாட்டை மட்டுமே நோக்கும் கல்வி எதை இழக்கும் என்பதற்கு இதுவும் சான்றாகும்.

கைமாறிய செல்வம்

1258இல் ஹுலாகுவின் மங்கோலியப் படை பாக்தாத்தை அழித்தது. ஆயினும் அதன் அறிவு அதற்கு முன்பே பயணப்பட்டுவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு, தாலமியின் வானியல் நூலைத் தேடி ஸ்பெயினின் டொலிடோ நகருக்கு வந்தார், அரபு கற்றார், எண்ணற்ற நூல்களை இலத்தீனுக்குக் கொணர்ந்தார். பாக்தாத் கிரேக்கத்திடம் கற்றதுபோலவே ஐரோப்பா பாக்தாத்திடம் கற்றது.

'அனைத்தையும் யாமே கண்டோம்' என்னும் பெருமிதம் எந்த இனத்துக்கும் பொருந்தாது. அது பிறருக்கு இழைக்கும் அநீதி மட்டுமன்று. தன் கற்றலுக்குத் தானே இடும் பூட்டுமாகும். பெற்றதை மறைக்காமல், பெற்றதோடு நின்றுவிடாமல், ஐயுற்று ஆராய்ந்து வளர்த்துப் பிறருக்கு வழங்கும் சமுதாயமே நாகரிகமுடையது. வரலாற்றேடுகளில் மன்னர்களின் பெயர்களுக்கு அருகே மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்களும் இடம்பெற வேண்டும். மதில்கள் சரிந்த பின்னும் நிலைத்திருப்பது அவர்கள் எழுதிய ஏடுகளே.