படிப்பதற்கா அந்தக் கண்ணாடிகள்?

இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களுக்குப் போகிறவர்களிடம் தவறாமல் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகளுக்காகக் கண்ணாடியில் தீட்டிய பைபிள்தான் அங்குள்ள வண்ண ஜன்னல்கள் என்பார்கள். கேட்க இதமான விளக்கம். பழைய காலத்து ஆதாரமும் இதற்கு உண்டு. கி.பி. 600ஐ ஒட்டி, போப் முதலாம் கிரகோரி மார்செய் நகர ஆயருக்கு எழுதிய கடிதங்களில், எழுத்தறியாதவர்கள் படங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள், அவற்றை உடைக்க வேண்டாம் என்று கண்டித்தார். ஆனால் அவர் பேசியது சுவர் ஓவியங்களைப் பற்றி. அதை அப்படியே சில நூற்றாண்டுகள் தள்ளி வந்த கண்ணாடிக்கும் ஏற்றிவிட்டோம். விளைவு, ஜன்னலின் முன்னால் நின்று யார் நோவா, யார் யோனா என்று பெயர் தேடுவதோடு பார்ப்பது முடிந்துவிடுகிறது. இந்த ஜன்னல்கள் முதலில் கட்டடத்தின் பகுதி, கதை அதற்குப் பிறகுதான் என்பது என் கருத்து.

யார்க் மின்ஸ்டர் தேவாலயத்தின் பெரிய கிழக்கு ஜன்னலையே எடுத்துக்கொள்ளலாம். கோவென்ட்ரியைச் சேர்ந்த ஜான் தார்ன்டன் 1405இல் ஒப்பந்தம் போட்டு 1408இல் முடித்துக் கொடுத்தார். வெகுமதியும் சேர்த்து அவர் பெற்றது 56 பவுண்டு. 23 மீட்டருக்கும் அதிக உயரம், 311 தகடுகள். உலகம் படைக்கப்பட்டதிலிருந்து அழிவது வரை அதில் இருக்கிறது. ஆனால் தரையில் நிற்பவர் மேல் வரிசைகளில் இருப்பதைத் தொலைநோக்கி இல்லாமல் பிரித்தறிய முடியாது. படிப்பறிவில்லாத கம்பளி வியாபாரிக்கும், லத்தீன் கற்ற குருவுக்கும் இந்த விஷயத்தில் ஒரே நிலைதான். அதே கட்டடத்தின் வடக்குப் பகுதியில், 13ஆம் நூற்றாண்டின் நடுவில் அமைக்கப்பட்ட 'ஐந்து சகோதரிகள்' என்ற ஜன்னல் இருக்கிறது. சுமார் 16 மீட்டர் உயரத்தில் ஐந்து ஒடுக்கமான திறப்புகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள். முழுக்கச் சாம்பல் கலந்த பச்சை வெள்ளை, இலைக் கொடிகள், கோலம் போன்ற பின்னல். கதை என்று எதுவும் இல்லை. போதிப்பதுதான் நோக்கம் என்றால் இவ்வளவு உழைப்பை இப்படி வீணாக்கியிருக்க மாட்டார்கள். கேன்டர்பரி தேவாலயத்தில் 'ஏழைகளின் பைபிள்' என்றே பெயர் பெற்ற ஜன்னல்களுக்கும் ஏழைகளோடு பெரிய உறவில்லை. அவற்றில் ஒன்றில், நடுவில் ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்குகிறார்கள். ஒரு பக்கம் சாலமோனிடம் வந்த சேபா நாட்டு அரசி, மறு பக்கம் யோசேப்பும் அவன் சகோதரர்களும். பழைய ஏற்பாட்டு நிகழ்வு புதிய ஏற்பாட்டுக்கு முன்னறிவிப்பு என்ற இறையியலைத் தெரிந்தவருக்குத்தான் இந்த மூன்றும் ஏன் சேர்ந்திருக்கின்றன என்பது விளங்கும். சுற்றிலும் எழுதியிருப்பதோ லத்தீன் செய்யுள். துறவிகளின் பாடற்பகுதிக்குப் பக்கத்தில், துறவிகளுக்காக வைத்தவை அவை.

அப்படியானால் இவ்வளவு செலவு எதற்கு? பதில் கல்லில் இருக்கிறது. நார்மன் காலக் கட்டடங்களில் பருத்த சுவர்கள்தான் பாரத்தைச் சுமந்தன. ஜன்னல் பெரிதானால் சுவர் பலவீனமாகும். கூர்வளைவும், விலா எலும்பு போன்ற கூரைத் தாங்கிகளும், வெளியிலிருந்து முட்டுக்கொடுக்கும் உதைவளைவுகளும் வந்தபின் பாரம் தூண்களுக்கும் முட்டுகளுக்கும் இடம் மாறியது. இடையில் இருந்த சுவருக்கு வேலை போனது. அந்த இடத்தைத்தான் கண்ணாடி நிரப்பியது. அடுப்பில் உருகும்போதே நிறமேற்றிய கண்ணாடியை வெட்டி, இரும்புத் துருவும் கண்ணாடிப் பொடியும் கலந்த கரும்பூச்சால் கோடு இழுத்துச் சூளையில் சுட்டு, ஈயப் பட்டைகளுக்குள் செருகிப் பற்றவைத்து, கல்லில் பதித்த இரும்புக் கம்பிகளோடு கட்டுவார்கள். காற்று மோதும்போது அந்த விசையைக் கல்லுக்குக் கடத்துவது இந்த அமைப்புதான். 1350ஐ ஒட்டிய குளோஸ்டர் கிழக்கு ஜன்னலில் உறவு தலைகீழாகவே ஆகிவிட்டது. ஜன்னல் அகலமாக வேண்டும் என்பதற்காகப் பக்கச் சுவர்களையே வெளிப்புறமாகச் சாய்த்துக் கட்டினார்கள். ஜன்னலும் நேராக நில்லாமல் சற்று வளைந்து நிற்கிறது. கல் கண்ணாடிக்கு வழிவிட்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று வரும். யாரும் படிக்காத படங்களை எதற்கு உடைத்தார்கள்? 1643, 44இல் வில்லியம் டவ்ஸிங் என்பவர், அரசருக்கு எதிரான உள்நாட்டுப் போரின்போது, நாடாளுமன்றத் தரப்பின் அதிகாரத்தோடு சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதிகளில் 200க்கும் மேற்பட்ட தேவாலயங்களுக்குப் போய், உடைத்ததைக் கணக்கு எழுதி வைத்தார். ஆனால் அந்தக் குறிப்பேட்டில் அவரை உறுத்துவது கதைகள் அல்ல. வணங்கப்படக்கூடிய உருவங்கள், இறந்தவரின் ஆன்மாவுக்காகச் செபிக்கக் கேட்கும் வாசகங்கள் ஆகியவைதான். அதாவது உருவம் அங்கே இருப்பதையே அவர் ஆபத்தாக நினைத்தார். அதற்கு முந்தைய நூற்றாண்டிலும் இதே தீவிரம் இருந்தது. இருந்தும் பல ஜன்னல்கள் தப்பின. மாற்றாகப் போட வெறும் கண்ணாடி போதவில்லை, விலையும் கட்டுப்படியாகவில்லை என்று 1577இல் வில்லியம் ஹாரிசன் என்பவர் காரணம் எழுதியிருக்கிறார். ஜன்னலை எடுத்தால் மழையும் காற்றும் உள்ளே வரும். புத்தகத்தை எரித்தால் அந்தப் பிரச்சினை வராது.

இன்னொரு மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். ஃபேர்ஃபோர்டு ஊர்த் தேவாலயத்தில் 1500க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் அமைத்த 28 ஜன்னல்களும் அப்படியே இருக்கின்றன. பார்க்கும் உயரத்தில், வரிசைக் கிரமத்தில், தெளிவாகக் கதை சொல்கின்றன. கேன்டர்பரியிலேயே, 1170இல் கொல்லப்பட்ட பேராயர் பெக்கெட்டின் சமாதி இருந்த இடத்தைச் சுற்றியுள்ள அற்புதங்களின் ஜன்னல்களை யாத்ரீகர்கள் அருகில் நின்று பார்த்திருப்பார்கள். கதை சொல்லவும் கண்ணாடியால் முடியும் என்பதை இவை காட்டுகின்றன. கதை போனாலும் கண்ணாடிக்கு வேலை இருக்கிறது என்பதைக் காட்டுவது வின்செஸ்டர் தேவாலயம். 1642இல் நாடாளுமன்றத் தரப்பின் படைவீரர்கள் அதன் மேற்கு ஜன்னலை நொறுக்கினார்கள். அரசர்களின் எலும்புகளையே எறிந்து உடைத்ததாக ஊரில் பேச்சு. 1660இல் முடியாட்சி திரும்பிய பிறகு, கிடைத்த துண்டுகளை முகம் எங்கே, கை எங்கே என்று பார்க்காமல் பழைய கற்சட்டத்துக்குள் நிரப்பிவிட்டார்கள். இன்று அதில் வாசிக்க எதுவும் இல்லை. மாலை வெயிலில் அந்த நீண்ட கூடத்துக்கு வேண்டிய வேலையை மட்டும் அது குறையில்லாமல் செய்கிறது. சாலிஸ்பரி நேர்மாறு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் வையட் என்ற கட்டடக் கலைஞர் துப்புரவு என்ற பெயரில் அங்கிருந்த பழைய கண்ணாடிகளை எடுத்துவிட, உள்ளே வெளிச்சத்தின் தன்மையே மாறிப்போனது.

இது வெறும் ரசனைத் தகராறு இல்லை, பராமரிப்புச் செலவு சம்பந்தப்பட்டது. படம்தான் முக்கியம் என்றால் அசலை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு, அச்சிட்ட நகலைச் சட்டத்தில் மாட்டிவிடலாம். மழையும் புகையும் அரிக்காது, பார்வையாளருக்கும் கண்ணுக்கு நேராகக் கிடைக்கும் என்று வாதிடலாம். கேன்டர்பரியின் 'கிறிஸ்துவின் மூதாதையர்' உருவங்கள் சில 2013, 14இல் அமெரிக்காவில் அப்படி வைக்கப்பட்டன. கல் பழுதுபார்க்கும் காலத்துக்கு மட்டும் என்பதால் அது நியாயம். நிரந்தரமாக என்றால் நியாயமில்லை: உயரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று தடித்த கோட்டில் தீட்டியவை அவை. யார்க்கில் 2008இல் கிழக்கு ஜன்னலின் எல்லாத் தகடுகளையும் இறக்கி, கல்லையும் சேர்த்துச் செப்பனிட்டு, வெளியே புறஊதாக் கதிரைத் தடுக்கும் காப்புக் கண்ணாடி போட்டு, 2018இல் அதே இடத்தில் ஏற்றிமுடித்தார்கள். மெதுவான, செலவு பிடிக்கும் வழி. சரியான வழி அதுதான். ஆனால் அதற்கு வேண்டிய பொருளே இப்போது சிக்கலாகியிருக்கிறது. வாயால் ஊதித் தட்டையாக்கும் கண்ணாடியில்தான் குமிழும் தடிமன் வேறுபாடும் இருக்கும். வெளிச்சம் அதில் பட்டு உடைவதுதான் அந்த அழகு. பிரிட்டனில் அந்தத் தொழில் 2023இல் வழக்கொழிந்த கைத்தொழில்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இப்போது பழுதுபார்ப்பவர்கள் அந்தக் கண்ணாடிக்கு ஜெர்மனியையும் பிரான்ஸையும் நம்பியிருக்கிறார்கள். தேவாலயக் கூரைகளுக்கு நிதி ஒதுக்குகிறவர்கள், கண்ணாடி ஊதும் உலை ஒன்றையாவது உள்நாட்டில் மீண்டும் பற்றவைக்கும் செலவையும் அந்தக் கணக்கிலேயே எழுத வேண்டும்.